உங்களுக்குத் தெரியுமா? பேய்க்கு முதலில் கொம்பு வரையாதீர்கள்!

ஜப்பானிய மாங்கா பாணியில் சாபம், பிசாசு, ரத்தம் என்று இருண்ட மாயக்கதை வரைய ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நம் ஊரில் நிறையப் பேர். நோட்டைத் திறந்ததும் இரண்டு கொம்பு வரும், அப்புறம் சிவப்புக் கண், கிழிந்த அங்கி. பத்துப் பேர் வரைந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்காகவே இந்த வாரம் யாங்கூன் போகிறோம். நம் தாத்தாக்கள் 'ரங்கூன்' என்று சொன்ன அதே ஊர்தான். பேய்க்கும் காவல் தெய்வத்துக்கும் உருவம் கொடுப்பதில் அந்த மண்ணுக்கு இருக்கிற கைத்தேர்ச்சி சாதாரணமானதல்ல.

●

யாங்கூனில் பழைய வழக்கம் விடாத பௌத்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தால், தூணிலோ சுவரிலோ ஒரு முழுத் தேங்காய் தொங்குவதைப் பார்க்கலாம். கிட்டே போய்ப் பாருங்கள். காம்பு அப்படியே இருக்கும். மேலே முண்டாசு கட்டின மாதிரி ஒரு சிவப்புத் துணி. இது பூஜையில் உடைக்கிற தேங்காய் இல்லை. இதுவே ஒரு ஆள். பெயர் மின் மகாகிரி.

கதை இப்படிப் போகிறது. தகாவுங் நாட்டில் டின் டே என்று ஒரு கொல்லன். அவனுடைய உடல்பலத்தைப் பார்த்து அரசனுக்கே நடுக்கம். காட்டுக்கு ஓடிப்போனவனைப் பிடிக்க, அவன் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு, மைத்துனன் என்று நைச்சியமாக வரவழைத்தான். வந்தவனைச் சண்பக மரத்தில் கட்டி உயிரோடு கொளுத்தினான். தங்கை ஓடிவந்து அதே தீயில் விழுந்தாள். இருவரும் ஆவியாகி அந்த மரத்திலேயே தங்கி, நிழலில் ஒதுங்கியவர்களை எல்லாம் கொன்றார்கள். அரசன் மரத்தை வேரோடு பிடுங்கி ஐராவதி ஆற்றில் விட்டான். அது மிதந்து மிதந்து பாகன் வந்து சேர்ந்தது. அங்கே அந்த மரத்திலேயே இருவருக்கும் உருவம் செதுக்கி, பொப்பா மலையில் குடிவைத்தார்கள். பெயரைப் பாருங்கள், 'மகாகிரி'. நமக்கு அர்த்தம் சொல்லவே வேண்டாம்.

சரி, தேங்காய் எதற்கு? வெந்த உடம்புக்கு இளநீர் குளிர்ச்சி. அதனால்தான். உள்ளே நீர் வற்றிவிட்டால் வேறு தேங்காய் மாற்றிவிடுவார்கள்.

முகம் கிடையாது, கைகால் கிடையாது. தீயில் எரிந்த ஒருவனின் தாகம் மட்டும் இருக்கிறது. இதைவிடச் சிக்கனமான பாத்திரப் படைப்பை நான் எந்தச் சித்திரக்கதையிலும் பார்த்ததில்லை.

●

இந்த ஆவிகளைப் பர்மியர்கள் 'நாட்' என்பார்கள். கணக்கு 37. பாகனை 1044 முதல் 1077 வரை ஆண்ட அனவ்ரதா மன்னர் இந்த வழிபாட்டை ஒழிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு நம் இந்திரனையே 'தஜ்யாமின்' என்ற பெயரில் தலைமைக்கு வைத்து, நாட் ஆவிகளை எல்லாம் பௌத்தத்துக்குள் அடக்கினார்.

●

அந்தப் பட்டியலில் பெரும்பாலானவர்கள் நல்ல சாவு சாகாதவர்கள். எரிக்கப்பட்டவர், வெட்டப்பட்டவர், புலி அடித்தவர், தண்ணீரில் போனவர். ஆயுசு முடியாமல் போகும் சாவைப் பர்மிய மொழியில் 'பச்சைச் சாவு' என்கிறார்கள். காய் பழுக்கும் முன்னே உதிர்ந்துவிட்டது என்ற பொருளில்.

நாம் துர்மரணம் என்கிறோம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன், கழுவேறிய காத்தவராயன், கொலையுண்ட முத்துப்பட்டன் என்று நம் காவல் தெய்வங்களும் அதே வழியில் வந்தவர்கள்தான். அநியாயமாகச் செத்தவர் சும்மா போகமாட்டார், கும்பிட்டு ஆற்றவேண்டும் என்பது இரண்டு மண்ணுக்கும் பொதுவான நம்பிக்கை. ஆகவே வரையப் போகும் பிள்ளைகள் நோட்டில் முதலில் எழுதவேண்டியது ஒரே வரி: இவர் எப்படிச் செத்தார், யார் கொன்றார்கள்? கொம்பு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

●

இருண்ட மாயக்கதை மாங்காக்களில் தலைமகன் என்று பலரும் சொல்லும் 'பெர்செர்க்' 1989-ல் தொடங்கியது. வரைந்தவர் கென்டாரோ மியுரா. அதன் நாயகன் கட்ஸ் பிறந்த விதம் தெரியுமா? தூக்கிலிடப்பட்ட ஒரு பெண்ணின் பிணத்திலிருந்து, மரத்தடிச் சேற்றில் விழுந்த குழந்தை அவன். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட வாளும், இடக்கை இருந்த இடத்தில் இரும்புக் கையும், இல்லாமல் போன வலக்கண்ணும் கதை நடக்க நடக்கச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இழப்பு இருக்கிறது. அழகுக்காக ஒட்டவைத்தது எதுவுமில்லை.

மியுரா 2021 மே 6 அன்று, 54 வயதில், கதை முடியாமலே காலமானார். கதையின் போக்கை அவர் வாயால் கேட்டிருந்த பள்ளிக்கால நண்பர் கோஜி மோரி பொறுப்பேற்க, மியுராவின் சீடர்கள் 2022 முதல் தொடர்ந்து வரைகிறார்கள்.

●

இரும்புக் கை நமக்குப் புதிதா என்ன? 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது முதல் இதழின் நாயகனே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் தாக்கினால் உடம்பு மறையும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சக்தியோடு கூடவே அந்தச் சக்தியின் ஓட்டையையும் வைத்தார்கள் பாருங்கள், அதனால்தான் ஐம்பது வருடம் கழித்தும் அந்தக் கை நம் கண்ணில் நிற்கிறது.

●

ஒசாமு தெசுகா 1967-ல் தொடங்கிய 'டொரோரோ'வில், அதிகாரத்துக்காக 48 பேய்களிடம் தன் குழந்தையின் உறுப்புகளை அடகு வைக்கிறான் ஒரு தகப்பன். வளர்ந்த பிள்ளை ஒரு பேயைக் கொன்றால் ஒரு உறுப்பு திரும்பும். கதை எங்கே நிற்கிறது என்று அறிய அவன் உடம்பைப் பார்த்தால் போதும்.

●

'அட்டாக் ஆன் டைட்டன்' கதையில் மனிதரைத் தின்னும் ராட்சதர்கள் எங்கிருந்து வந்தார்கள்? வரைந்த ஹாஜிமே இசயாமாவே சொல்லியிருக்கிறார். அவர் வேலை பார்த்த இன்டர்நெட் கடைக்கு ஒரு குடிகாரர் வந்து சட்டையைப் பிடித்தார். எதிரே நிற்பவரும் மனிதர்தான், ஆனால் பேச்சு ஏறாது. அந்தப் பயம்தான் ராட்சதனாக வளர்ந்தது.

●

குடிகாரர் என்றதும் யாங்கூன் ஞாபகம் வருகிறது. 37 நாட் ஆவிகளில் கோ ஜீ ஜோ என்று ஒருவர் உண்டு. குடிகாரர்களுக்கும் சூதாடிகளுக்கும் அவர்தான் துணை. படையல் மதுவும் பொரித்த கோழியும். நம் ஊர்ச் சாராயம், சுருட்டுப் படையல் எல்லாம் உங்களுக்கு ஞாபகம் வரவேண்டும்.

'நாட் பொவே' என்ற திருவிழாவில் இவரைப் பார்க்கவேண்டும். 21 மத்தளங்களை வட்டமாகக் கட்டி, நடுவில் உட்கார்ந்து ஒருவர் அடிப்பார். அந்த மேளத்துக்கு 'நாட் கடோ' என்கிற சாமியாடி ஆடுவார். ஒவ்வொரு நாட் வரும்போதும் உடை மாறும், கையில் பிடிக்கும் பொருள் மாறும், நடை மாறும். தள்ளாடிக்கொண்டு புட்டியோடு வந்தால் கோ ஜீ ஜோ. அடுத்து அதே ஆள் தலைப்பாகையை மாற்றி, நிமிர்ந்து, வாள் பிடித்தால் இளவரசர். கூட்டத்தின் கடைசியில் நிற்கிற, முகமே தெரியாத ஆளுக்கும் யார் வந்திருக்கிறார் என்று புரிந்துவிடும்.

மாங்கா கற்றுத் தருபவர்கள் ஒரு பயிற்சி கொடுப்பார்கள். பாத்திரத்தை முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பு, வெறும் நிழலுருவத்தைப் பார்த்து யார் என்று சொல்ல முடிகிறதா பார் என்பார்கள். நாட் கடோக்கள் பரம்பரை பரம்பரையாக அந்தப் பரீட்சையில் தேறி வருகிறார்கள்.

●

'பீலூ' என்றால் பர்மிய அரக்கர். ஆள் தின்னும் பீலூ உண்டு. பூவை மட்டும் தின்னும் பீலூவும் உண்டு!

பூ தின்னும் அரக்கிகளில் பேர்போனவள் பொப்பா மலையின் மே வுன்னா. அனவ்ரதாவின் அரண்மனைக்குப் பூ பறிக்க வந்துபோன பியாட்டா என்பவனைக் காதலித்தாள். கப்பல் உடைந்து தாட்டோன் கரையில் ஒதுங்கிய இந்தியச் சகோதரர்களில் ஒருவன் அவன் என்கிறது கதை. காதலில் நேரம் தவறி, பூ தாமதமாக வந்ததற்காக அவன் தலை போனது. பிறந்த இரண்டு பிள்ளைகளை அரசன் எடுத்துக்கொண்டான், துக்கத்திலேயே அவள் செத்தாள். அந்தப் பிள்ளைகளும் பிற்பாடு, தௌங்பியோன் கோயில் கட்டும்போது ஆளுக்கொரு செங்கல் வைக்கத் தவறியதாகக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டார்கள். மாண்டலே பக்கம் ஆகஸ்டில் அவர்களுக்குப் பெரிய திருவிழா.

இப்போது அவள் சிலையைப் பாருங்கள். முகம் சாந்தமான ஒரு தாயின் முகம். இரண்டு கையிலும் மயிலிறகு. தலைக்கு மேலே, கிரீடத்தின் இடத்தில், கோரைப்பல் அரக்க முகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அரக்கியாகப் பிறந்ததும் தாயாக வாழ்ந்ததும் ஒரே உருவத்தில் மேலும் கீழுமாக நிற்கின்றன. இளகிய மனசுள்ள அரக்கியை எப்படி வரைவது என்று திணறுகிறவர்கள் இந்தச் சிலையை ஒரு நாள் முழுக்கப் பார்த்து வரைந்து பழகலாம்.

யாங்கூனுக்குப் பக்கத்து ஊரான பெகுவின் காவல் தாய்க்கும் இதே முறைதான். மேலே எருமைத் தலை, கீழே பெண் முகம். கைவிடப்பட்ட ஒரு இளவரசனைப் பால் கொடுத்து வளர்த்த எருமை அவள்.

●

யாங்கூனின் ஷ்வேடகோன் பௌத்தக் கோபுரத்தின் மேடையில் மூலைகளில் உட்கார்ந்திருக்கும் ஒரு விலங்கைப் பலர் கவனிக்காமலே கடந்துபோவார்கள். மனித முகம், ஒரே தலை, ஆனால் சிங்க உடல் இரண்டு! பெயர் 'மனுத்தீஹா', அதாவது நரசிம்மத்துக்கு உறவுக்காரர். மூலையின் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு முழுச் சிங்கம் தெரியும், மறுபக்கம் திரும்பினாலும் ஒரு முழுச் சிங்கம் தெரியும். முனையில் நின்றால் இரண்டும் சேருமிடத்தில் அந்த முகம் உங்களையே பார்க்கும். இடத்துக்குத் தக்கபடி உடம்பைச் செய்திருக்கிறார்கள்.

பிறந்த குழந்தையை அரக்கிகள் தூக்கிப்போகாமல் காக்க, பௌத்தத் துறவிகள் உண்டாக்கிய உருவம் இது என்பார்கள்.

●

அதே ஷ்வேடகோனில் கிழமைக்கு ஒரு விலங்கு உண்டு. ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம். புதன்கிழமைக்கு மட்டும் இரண்டு: காலையில் தந்தமுள்ள யானை, மதியத்துக்கு மேல் தந்தமில்லாத யானை. அந்தப் புதன் பிற்பகலின் அதிபதி ராகு. வாரத்துக்குள் ஒளிந்திருக்கும் எட்டாவது நாள் என்று ஒரு கதையே எழுதலாம்!

●

யானையின் துதிக்கையும் தந்தமும், குதிரையின் கால், கெண்டை மீனின் உடல் என்று ஐந்து உயிர்களைச் சேர்த்துச் செய்தது 'பியின்சரூபா'. 'பஞ்சரூபம்' என்ற சொல்தான் அது. நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளியின் அருகில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே சொல்வீர்கள். கலப்பு உருவம் வரைவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. முகம் முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் யாளிச் சிற்பி எப்படிப் பிடரி மயிரைச் சுருட்டி மறைத்தார் என்று அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது பாருங்கள்.

●

பயங்கரமான மந்திரவாதிக்கு ஆயுதம் என்ன கொடுப்பீர்கள்? போ போ ஔங் என்ற பர்மியச் சித்தரின் கதையில் ஆயுதம் ஒரே ஒரு வட்டம். பர்மிய எழுத்தில் 'வ' என்பது வெறும் வட்டம்தான். அரசன் போதவ்பயா இவருக்குச் சிறுவயதுத் தோழன், பிற்பாடு இவர் சக்தியைக் கண்டு பயந்து கொல்லப் பார்த்தவன். சித்தர் அவன் முன்னால் ஒரு 'வ' எழுதி, முடிந்தால் அழி என்றார். அழித்தால் இரண்டாயிற்று. அதையும் அழித்தால் இன்னும் பெருகிற்று. அரண்மனை முழுக்க வட்டம் நிறைந்தும் அரசனால் அழிக்க முடியவில்லை. ரத்தமே இல்லாமல் முதுகுத்தண்டு சில்லிடுகிறது அல்லவா?

●

பீலூவுக்கு நிழல் கிடையாது என்பது பர்மியர்களின் நம்பிக்கை. மனித வேடத்தில் வந்தாலும் நிழல் விழாது. கறுப்பு மையையே நம்பியிருக்கும் மாங்காக்காரருக்கு இது பெரிய வரம். ஒரு தெருவில் பத்துப் பேர் நடக்கட்டும், ஒன்பது பேருக்கு மட்டும் நிழல் வரையுங்கள். பேர் சொல்லவேண்டாம், பல் காட்டவேண்டாம். வாசகர் இரண்டாம் முறை புரட்டும்போது தானே கண்டுபிடிப்பார்.

●

கறுப்புப் பக்கத்தில் வெள்ளைக் கோடு போடுவது பர்மாவில் பழைய பழக்கம். 'பரபைக்' என்ற மடிப்பு ஏடுகளில் ஒரு வகைக்கு, தாளில் கரி பூசிக் கறுப்பாக்கி, மாக்கல் குச்சியால் எழுதினார்கள். அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

●

வடமொழியில் யக்ஷன், பாலியில் யக்கன். ஜப்பானுக்குப் போய் அதே சொல் 'யாஷா' ஆயிற்று. ரூமிகோ தகஹாஷியின் 'இனுயாஷா'வில் (1996–2008) இருப்பது அந்த யாஷாதான். நம்மிடம் இயக்கி, அப்புறம் இசக்கி. புராண அரக்கரும் எமனும் கருடனும் இதே போல் பௌத்தத்தோடு கடல் கடந்து, ராசெட்சு, என்மா, கருரா என்று அங்கே பெயர் மாறி வாழ்கிறார்கள். ஜப்பானியப் பேய்க்கதை நமக்கு அன்னியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் மனதைப் பிசைகிற ஒரு வரிசை உண்டு: பிள்ளை தின்னும் தாய்மார்கள். தென்மாவட்டத்து இசக்கி சிலையில் இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும், சில ஊரில் வாயிலும் ஒன்று இருக்கும். அவளிடமே பிள்ளை வரம் கேட்டு மரப்பொம்மை கட்டுகிறோம். ஹாரீதி என்ற யக்ஷி பிறர் குழந்தைகளைத் தின்றவள். புத்தர் அவள் பிள்ளையை ஒளித்துவைத்துப் பிள்ளைப் பாசத்தை உணர்த்தியபின் குழந்தைகளின் காவல் தெய்வமானாள். ஜப்பானில் அவள் பெயர் கிஷிமோஜின். யாங்கூனிலோ மா பே வா. மஞ்சள் நாடா கட்டிய சுடுகாட்டுக் காவல்காரி. விரித்த தலையோடு சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் வருவாள், யார் வாசலில் இறக்குகிறாளோ அந்த வீட்டில் சாவு என்பார்கள். 1990-களில் அவள் குழந்தைகளைத் தேடி வருகிறாள் என்று பேச்சுப் பரவி, 'குழந்தை இறைச்சி கசக்கும், நாய் இறைச்சி இனிக்கும்' என்ற பொருளில் வீட்டு வாசல்களில் எழுதி வைத்தார்கள். நம் கிராமங்களில் 'நாளை வா' என்று எழுதி வைத்த கதை உங்களுக்குத் தெரியும்தானே? அந்த எழுத்தை எழுதிய தாயின் கை நடுங்கியிருக்கும். சவப்பெட்டியை வரைவதற்கு முன்னால் அந்தக் கையை வரையுங்கள்.

●

பர்மியப் பொம்மலாட்டத்தில் மரபான பொம்மைகள் 28. குதிரை, குரங்கு, பீலூ, கருடன், நாகம், மூலிகை தேடி ஆடும் சிவப்பு உடைச் சித்தர் 'ஜோஜி', அப்புறம் ராஜா, மந்திரிகள். இரண்டு மூத்த இளவரசர்களில் ஒருவருக்கு வெள்ளை முகம், மற்றவருக்குச் சிவப்பு முகம், சிவப்பு முகத்தார் முன்கோபி. பொம்மை முகம் மாற்றாது. ஆகவே ஒரே முகத்தில் கோபமும் அழுகையும் தெரிகிற மாதிரிச் செதுக்கிவிட்டு, மிச்சத்தைத் தலைச் சாய்விலும் கைவிரலிலும் காட்டுவார்கள். ஒரு பொம்மைக்குச் சாதாரணமாகவே 18, 19 கயிறு. புருவத்துக்கென்று தனிக் கயிறு வைப்பதும் உண்டு! யாங்கூனில் 2006-ல் தொடங்கிய ட்வே ஊ மியன்மா பொம்மலாட்டக் குழு, ஒரு வீட்டின் முன்னறையையே மேடையாக்கி இந்தக் கலையைக் காப்பாற்றி வந்தது.

●

பீலிக்கான் என்பது யாங்கூன் பக்கத்து ஊர். அங்கே தமிழர்கள் கும்பிட்ட முனீஸ்வரருக்கு ஊர்ப் பேரே பேராயிற்று, பீலிக்கான் முனீஸ்வரர். 1960-களில் நம் மக்கள் பர்மாவை விட்டுக் கப்பலேறியபோது சொத்தை விட்டு வந்தார்கள், கடையை விட்டு வந்தார்கள். சாமியை மட்டும் விடவில்லை. வடசென்னையில் பர்மாக்காரர்கள் குடியேறிய பகுதியில் அவருக்குக் கோயில் எழுப்பினார்கள். முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் அரிவாளோடு இங்கிருந்து கடல் கடந்து போய், அங்கத்து ஊர்ப் பெயரைச் சுமந்து திரும்பி வந்த முனி! இவரை நாயகனாக வைத்து நம் பிள்ளைகளில் ஒருவர் 200 பக்கம் வரையவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

●

வரைகிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது எல்லைச்சாமி கோயிலுக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்துப் போங்கள். பூசாரியிடமோ, வீட்டில் அப்பத்தாவிடமோ இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தச் சாமி உயிரோடு இருந்தபோது யார்? எப்படிப் போனார்? சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, பிறகு வரையுங்கள். வரைந்ததை எங்களுக்கு அனுப்புங்கள்.